சும்மா இருக்கும்போது மட்டும் உறையும் மினி பிசி: கெர்னல் தெரிந்தவர்கள் உதவவும்

மன்னார்குடி பக்கம் எங்கள் அரிசி மில்லில் எடைமேடைக் கணக்குக்கு ஒரு பழைய மினி பிசி இருக்கிறது, டெபியன் லினக்ஸ் போட்டது, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும். சம்பா நெல் வரத்து இருந்து நாள் முழுக்க வேலை நடந்தால் ஒன்றும் ஆவதில்லை, ராத்திரி யாரும் தொடாமல் கிடந்தால்தான் அப்படியே உறைந்துவிடுகிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒழிய எழாது, லாக்கிலும் ஒரு வரி இல்லை.

ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இரண்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. அப்புறம் பூட் வரியில் மேக்ஸ் சி-ஸ்டேட் 1 என்று, அதாவது சிபியு சும்மா இருக்கும்போது போகும் தூக்க நிலைகளில் (சி-ஸ்டேட்) முதலாவதைத் தாண்டக் கூடாது என்று, கொடுத்தேன், உறைவது நின்றது. ஆனால் ஆழ்ந்த தூக்கமே கிடையாது என்பதால் சிபியு சூடு குறையவில்லை, இன்வெர்ட்டர் பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு கோருக்கும் சிபியுஐடில் அடியில் ஸ்டேட் வாரியாக லேட்டன்ஸி (எழ ஆகும் நேரம்), ரெசிடென்ஸி (தூங்கினால் லாபமாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம்), டிசேபிள் (அந்த ஸ்டேட்டை அணைப்பது) என்று கோப்புகள் இருக்கின்றன அல்லவா, அதில் கடைசி ஸ்டேட்டுக்கு மட்டும் டிசேபிளில் 1 எழுதினால் போதுமா? ரீபூட் ஆனால் அது போய்விடும், அதனால் பூட் ஆகும்போதே தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக, ஸ்டேட்டை அணைக்கும் சிபியுபவர் ஐடில்-செட் கட்டளையை வைக்கலாமா, இல்லை பயாஸிலேயே பேக்கேஜ் சி-ஸ்டேட்டை (சிப் முழுவதும் சேர்ந்து தூங்கும் நிலை) மட்டும் அணைப்பது நல்லதா? தூக்க நிலையைத் தேர்ந்தெடுக்கும் கெர்னல் பகுதியான கவர்னரில், மெனு கவர்னரை விட்டு டியோ (TEO) என்ற இன்னொன்றுக்கு மாறச் சொல்கிறார்கள், அது எந்த ஸ்டேட் என்று தேர்ந்தெடுப்பதைத்தானே மாற்றும், ஹார்டுவேர் கோளாறுக்கு என்ன செய்யும்?

இதே தொல்லை பட்டுத் தீர்த்தவர்கள் எந்த ஸ்டேட் வரை விட்டு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். டீமெசேஜ் (dmesg, கெர்னல் செய்திப் பதிவு) வேண்டுமென்றால் மாலை மில்லுக்குப் போய் எடுத்துப் போடுகிறேன்.