பழைய 15 குதிரைவலு எஞ்சின்: தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் சூடேறுகிறது

பேசாலைப் படகு:
வணக்கம். மன்னார், பேசாலையில் என்னுடைய 18 அடி ஃபைபர் படகுக்காக, ஏற்கெனவே பாவித்த 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றை அண்மையில் வாங்கினேன். இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெற்றோலில் ஓடுவது. கரையோரமாக மெதுவாகச் செல்லும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. முழு வேகத்தில் பத்து நிமிடமளவில் ஓடியதும் இழுவை குறைந்து, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. அப்போது மூடியைக் கழற்றித் தலைப்பகுதியில் கடல்நீரைத் தெளித்தால் சீறிக்கொண்டு ஆவியாகிறது. நன்றாக ஆறிய பின் மீண்டும் ஓடுகிறது. தண்ணீர் பம்பினுள் சுழலும் இறப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாக மாற்றியாயிற்று. பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் பலமாகவே பீச்சுகிறது. அப்படியிருக்க, சூடேறுவதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்?

வடமராட்சிக் கடற்றொழிலாளி:
முதலில் செலவில்லாத இரண்டைப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கடலில் சாதாழை அதிகம். எஞ்சினின் நீருக்குள் நிற்கும் கீழ்க்காலில் தண்ணீர் உறிஞ்சும் வலைக்கண்களில் அதுவோ பொலித்தீன் துண்டோ சிக்கியிருந்தால், மெதுவாக ஓடும்போது போதுமாக இருக்கும் தண்ணீர் வேகத்தில் போதாமற் போகும். அடுத்தது எஞ்சின் பூட்டப்பட்டிருக்கும் உயரம். விசிறிக்கு நேர் மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிட மேலே நின்றால், படகு எழும்பி ஓடும்போது பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும்.

பேசாலைப் படகு:
நன்றி அண்ணா. வலைக்கண்கள் சுத்தமாக உள்ளன. தகடு அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது.

குருநகர் பட்டறை:
தம்பி, பீச்சுகின்ற தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பல எஞ்சின்களில் அந்தத் துளைக்குப் போகும் தண்ணீர், சிலிண்டர் தலையைச் சுற்றி முடிப்பதற்கு முன்பே பிரிந்து வந்துவிடுகிறது. உள்ளே வழி அடைபட்டிருந்தாலும் துளையில் தண்ணீர் வரும். சில வேளை, வேறு போக்கிடம் இல்லாததால் வழக்கத்தைவிடப் பலமாகவும் வரும். உங்கள் விவரத்தில் எனக்கு ஐயம் தருவதே அந்தப் பலம்தான்.

தலையில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி, சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு சட்டித் தண்ணீரில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினால், இந்த வகை எஞ்சின்களில் 50 பாகை செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கி 60 அளவில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, எது மேற்சிலிண்டருடையது என்று குறித்துவைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிடுங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி கிடைத்தால் இரு சிலிண்டர்களின் தலையையும் தனித்தனியே அளக்கலாம்; காய்ச்சலுக்கு நெற்றியில் பிடிக்கும் கருவி இதற்கு உதவாது. ஒன்று மட்டும்: கொதிக்கும் தலையில் குளிர்ந்த நீரைத் தெளிப்பதை நிறுத்துங்கள், அலுமினியம் வெடிக்கும் அல்லது வளையும். காரணம் தெரியும்வரை முழு வேகத்திலும் ஓட்ட வேண்டாம். இழுவை குறைந்து நிற்பது பிஸ்டன் இறுகத் தொடங்குவதன் அறிகுறி.

வடமராட்சிக் கடற்றொழிலாளி:
இன்னொன்றையும் விசாரியுங்கள். பெற்றோல் எஞ்சினில் முன்பு மண்ணெண்ணெய் கலந்து ஓடினார்களா? மண்ணெண்ணெய்க்கென்று வரும் எஞ்சினில் அமுக்கம் குறைவு. பெற்றோல் எஞ்சினில் அதை ஊற்றினால் தட்டும் சத்தத்தோடு எரிந்து பிஸ்டனைச் சுடவைக்கும்.

பேசாலைப் படகு:
மூடியைத் திறந்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. இருக்கை வெறுமையாக உள்ளது. கீழ்ப் பிளக் கபில நிறம், மேற்பிளக் சுண்ணாம்பு வெள்ளை. மண்ணெண்ணெய் ஊற்றவில்லை என்று விற்றவர் சொல்கிறார்.

குருநகர் பட்டறை:
நல்ல எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை யாரும் கழற்றுவதில்லை. முன்னைய உரிமையாளருக்கும் இதே சூடு வந்திருக்கிறது, அவர் அதைக் கழற்றிச் சமாளித்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். கழற்றுவது அடைப்பை நீக்காது. மெதுவாக ஓடும்போது எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பிளக்கில் கரி பிடிக்கும், அவ்வளவே. மேற்பிளக் மட்டும் வெளுத்திருப்பது அந்தச் சிலிண்டர் அதிகம் சூடாவதைக் காட்டுகிறது. மேற்சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழி அடைபட்டிருக்கலாம்; அல்லது அந்தச் சிலிண்டருக்குக் காற்றுக் கசிவால் பெற்றோல் குறைந்த கலவை போகலாம். முன்னதையே நான் முதலில் பார்ப்பேன்.

தலையின் மூடியைக் கழற்ற வேண்டும். இந்த வேலையில் கடினமானது போல்ட்கள்தாம். உப்பு பிடித்தவற்றை ஒரே மூச்சில் திருப்பினால் கழுத்தோடு முறியும். துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பெற்றோல் தாங்கியை அகற்றிய பின் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, சிறிது இறுக்கிச் சிறிது தளர்த்தி முன்னும் பின்னுமாகக் கழற்றுங்கள். வெறும் உப்பு நன்னீரிலேயே கரையும். கல்லாக இறுகியிருப்பது சுண்ணாம்புப் படிவும் அலுமினியம் அரித்த தூளும். அதை மரக்குச்சியால் சுரண்டி, எஞ்சியதை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள். சிலர் உப்பமிலம் ஊற்றுவார்கள். அது படிவோடு சிலிண்டரையும் தின்னும்.

பேசாலைப் படகு:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இருந்தது. மேற்சிலிண்டரின் மேல்வளைவில் நீர்வழி ஏறத்தாழ முழுதாக அடைபட்டிருந்தது. ஒரு போல்ட் முறிந்தது, அதைத் துளையிட்டு எடுத்தார்கள். புதிய காஸ்கட்டும் தெர்மோஸ்டாட்டும் போட்டு முழு வேகத்தில் ஓட்டினேன். தலை இரு சிலிண்டர்களிலும் 60 பாகைக்கு அண்மையில் நிற்கிறது, இழுவை குறையவில்லை.

குருநகர் பட்டறை:
நல்லது. எஞ்சின் ஆறிய பின் தலை போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள். இரு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பாருங்கள். மேலது கீழதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் முன்னைய சூட்டில் பிஸ்டன் வளையங்கள் பழுதடைந்திருக்கக்கூடும், அதற்கு வேறு வேலை உண்டு. கரைக்கு வந்ததும் ஒரு பீப்பாய் நன்னீரில் எஞ்சினை இறக்கி, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரும்வரை ஓடவிடுங்கள். அதற்கு முன் நிறுத்தினால் நன்னீர் தலைக்குள் சரியாகச் சுற்றாது.