ஐப்பசி மழைக்கு நடுவுல மூணு வயசுப் பேரனோட நடை: நேரம், தூரம், இடம்?

பழைய_வண்ணை_தாத்தா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு வடசென்னையில. பேரனுக்கு மூணு வயசு, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க மாட்டேங்கிறான். தினம் வெளியே நடக்கக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு முட்டி வலி, தூக்கிட்டு ரொம்ப தூரம் நடக்க முடியாது. தள்ளுவண்டி எங்க தெருவுல உருளாது. எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எவ்வளவு தூரம் போகலாம்? ராபின்சன் பார்க்கா, காசிமேடு கடலோரமா?

மழைக்கோட்டு:
ஐயா, நாலு மணிக்குக் கிளம்பி அஞ்சேகாலுக்குள்ள வீடு திரும்பிடுங்க. ஐப்பசி கடைசியில அஞ்சே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ஞ்சிடும். அப்புறம் பள்ளம் எது, தண்ணி எதுன்னு தெரியாது. காலையைவிடச் சாயங்காலம் தேவலை. வடகிழக்குப் பருவமழை நம்ம கரையோரத்துல பல நாள் ராத்திரியில ஆரம்பிச்சு விடியற வரைக்கும் ஊத்தும். சாயங்காலத்துக்குள்ள தெரு ஓரளவு வடிஞ்சிருக்கும்.

தூரத்தை மீட்டர்ல கணக்குப் பண்ணாதீங்க, வீட்டுல இருந்து எவ்வளவு விலகிப் போறீங்கன்னு பாருங்க. மூணு வயசுப் பிள்ளை 13, 14 கிலோ இருக்கும். உங்க முட்டிக்கு அதைத் தூக்கி 300 மீட்டர் வர்றதே அதிகம். அதனால வீட்டைச் சுத்தி வளைச்சு வர்ற வழியா எடுங்க. அவன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திரும்பிடணும். "தூக்கு"ன்னு கையை நீட்டின பிறகு திரும்பினா மிச்ச தூரம் முழுக்க இடுப்புலதான்.

பார்க்தான் நல்லது. இப்போ அது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர்ல தி.மு.க.வோட தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம்னு பேரன் வளர்ந்ததும் சொல்லலாம். மழை பெஞ்சா டைல்ஸ் வழுக்கும், மண்ணுப் பக்கமா நடங்க. சறுக்கு மரத்தைத் துடைக்க ஒரு பழைய துண்டு எடுத்துட்டுப் போங்க.

ஒற்றியூர்_அம்மா:
மேலே சொன்ன நேரத்துல ஒரு சிக்கல் இருக்கு. டெங்கு கொசு பகல்ல கடிக்கிற கொசு, சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு நல்ல வேட்டை. அதனால அரை டிராயர் வேண்டாம், வெளிர் நிறத்துல முழுக்கால் சட்டை போடுங்க. கொசு களிம்பை உங்க கையில தேய்ச்சு அவனுக்குப் பூசுங்க. உள்ளங்கையிலயும் கண்ணுகிட்டயும் வேண்டாம், பிள்ளை கையை வாயில வைப்பான்.

தேங்கின தண்ணியில கணுக்கால் அளவுன்னாலும் இறக்காதீங்க. உள்ளே மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல சின்னச் சிராய்ப்பு இருந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். தெருமுனை மின்பெட்டிகிட்ட தண்ணி நின்னா அந்தப் பக்கமே போகக் கூடாது, வேற வழியா சுத்திட்டுப் போங்க. மின்சாரப் புகாருக்கு 94987 94987, மாநகராட்சிக்கு 1913, ரெண்டையும் போன்ல பதிஞ்சு வையுங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். பள்ளம் வந்தா பிள்ளையை ஒத்தைக் கையைப் பிடிச்சு வெடுக்குன்னு தூக்குறோம் பாருங்க, அதுல முழங்கை மூட்டு நழுவிடும். அஞ்சு வயசுக்குள்ள இது சகஜம். வீக்கம் இருக்காது, பிள்ளை அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டுக்கிட்டு அசைக்க மாட்டான். உருவிவிடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. தூக்கணும்னா ரெண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்குங்க.

பூவரசு:
நடையில அவன் நிக்கிற இடம்தான் அவனுக்கு முக்கியம், அவசரப்படுத்தாதீங்க. பூவரச மரம் இருந்தா அங்கேயே பத்து நிமிஷம் போகும். காலையில மஞ்சளா விரிஞ்ச பூ வாடும்போது கருஞ்சிவப்பா மாறும். ரெண்டையும் ஒண்ணா உள்ளங்கையில வெச்சுக் காட்டுங்க.

பூவரச இலையில பீப்பி (ஊதல்) செய்ய ரொம்ப முத்தாத இலை ஒண்ணு போதும். தூசியைத் தண்ணியில கழுவி, ஓரத்துல இருந்து இறுக்கமா சுருட்டுங்க. ஒரு முனையை மட்டும் ரெண்டு விரலால தட்டையா நசுக்கி, அந்த முனையை உதட்டுல வெச்சு ஊதணும். சத்தம் வரலைன்னா பெரும்பாலும் சுருள் தளர்ந்திருக்கும், இல்லைன்னா இலை முத்தினதா இருக்கும்.

மழை விட்ட மறுநாள் தட்டான் கூட்டமா தாழப் பறக்கும். பிடிச்சு நூல் கட்ட வேண்டாம், உக்காரும்போது றெக்கையைப் பார்க்கச் சொல்லுங்க. மரவட்டையையும் பெரிய நத்தையையும் குச்சியால காட்டுங்க, கையால தொட வேண்டாம். முருங்கை மரத்தடியில இந்தப் பருவத்துல கம்பளிப்பூச்சி இருக்கும். முடி ஒட்டிக்கிட்டா தேய்க்காம செலோ டேப்பை ஒட்டி உரிச்சு எடுங்க, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அரளி எந்த நிறமா இருந்தாலும் விஷம். பூவைக்கூட பறிச்சுக் கையில கொடுக்காதீங்க.

பழைய_வண்ணை_தாத்தா:
ரொம்ப நன்றிம்மா, நன்றி தம்பிகளா. கடலோரம் பத்தி யாரும் சொல்லலையே?

ஒற்றியூர்_அம்மா:
இப்போ வேண்டாம் அண்ணே. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் பல இடத்துல கரையே கருங்கல் அடுக்குதான். கல்லுல பாசி, இடுக்குல பிள்ளை காலு மாட்டும், இந்தப் பருவத்துல அலையும் எகிறும். அங்க போக எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்கணும். கன்டெய்னர் லாரி டிரைவருக்கு வண்டிக்கு ஒட்டி இடப்பக்கம் நிக்கிற சின்னப் பிள்ளை தெரியவே தெரியாது. தை பிறந்து கடல் அடங்கின பிறகு, காலையில, அவனோட அப்பாவோ அம்மாவோ கூட வந்தா கூட்டிட்டுப் போங்க.

மழைக்கோட்டு:
இடி கேட்டா மரத்தடியில ஒதுங்காதீங்க, பக்கத்துக் கடைக்குள்ள போயிடுங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளியே வரலாம். தீபாவளிக்கு மறுநாள் மட்டும் சமீர் ஆப்ல (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடது) ராயபுரம் காத்துத் தரக் குறியீட்டைப் பாருங்க. 200க்கு மேல காட்டினா அன்னிக்கு மொட்டை மாடியும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே விளையாடட்டும்.