மரத்தூள் பெல்லட் படுக்கை: ஓரத்தில் உடையாத உருண்டை, நடுவில் சொதசொதப்பு, இடையில் தூசி, குதிரைக்கு இருமல்

பனிக்காட்டான்

வணக்கம். தெற்கு ஒன்ராறியோவில் ஒரு சிறிய பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை லாயத்தில் மரச்சீவல்தான் போட்டுவந்தோம். லத்தியை அள்ளும்போது நல்ல சீவலும் பாதி சேர்ந்து குப்பைக்குப் போகிறதே என்று முதலாளியம்மாவுக்கு மனக்குறை. அதனால் குளிர் தொடங்கியபோது ஒரு அறையை மட்டும் மரத்தூள் பெல்லட்டுக்கு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருண்டைகளுக்கு, மாற்றினோம். அறை 12க்கு 12 அடி, தரையில் ரப்பர் பாய். 18 கிலோ பைகள் ஏழைக் கொட்டிப் பரப்பி, மேலே குழாயால் தண்ணீர் தெளித்தேன்.

ஓரங்களில் பெல்லட் உடையவே இல்லை, குளம்பு பட்டால் கோலிக்குண்டு போல உருள்கிறது. நடுவிலோ சொதசொதவென்று கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் மிதித்தால் மாவாகத் தூசி கிளம்புகிறது. தினமும் காலையில் லத்தியை எடுத்ததும் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று படுக்கை முழுவதையும் கிளறிப் புரட்டிவிடுகிறேன். இருந்தும் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறது. பெட்டைக் குதிரை இரண்டொரு முறை இருமுகிறது. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? ஒரே அறையில் இரண்டும் எப்படி நடக்கும்?

கொள்ளுப்பை

நடக்கும் தம்பி, மேலே குழாய் பிடித்தால் அப்படித்தான் நடக்கும். நான் வட இங்கிலாந்தில் ஒரு பொது லாயத்தில் வேலை செய்கிறேன். இங்கே பெல்லட் போட்ட அறைகள்தான் அதிகம். பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். பையில் என்ன எழுதியிருக்கிறது, என்ன மரம், எதற்கான பெல்லட்? தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? கிளறும்போது குதிரை எங்கே நிற்கிறது? உலர்புல்லை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

பனிக்காட்டான்

அக்கா, பையில் வீட்டு அடுப்புக்கான எரிபொருள் என்றுதான் போட்டிருக்கிறது. கலப்புக் கடினமரம் என்றும் இருக்கிறது. கால்நடைத் தீவனக் கடையில் கேட்டபோது எல்லாம் ஒன்றுதான் என்றார்கள், விலையும் குறைவு. குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய பனிக்கட்டி. குதிரை அறைக்குள்ளேயே ஒரு மூலையில் நிற்கும். உலர்புல்லை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறோம். இன்னொன்று: உடையாத பெல்லட்டை அவள் பொறுக்கிப் பொறுக்கி மெல்லுகிறாள்.

கடிவாளம்

தண்ணீர்க் கணக்கு அப்புறம் இருக்கட்டும். அந்தப் படுக்கையை இன்றே முழுவதுமாக வாரி வெளியே போடுங்கள்.

கலப்புக் கடினமரம் என்றால் எந்தெந்த மரம் என்று எவருக்கும் தெரியாது. உங்கள் பகுதியில் கறுப்பு வால்நட் இயற்கையாகவே வளரும் மரம். அதன் தூளோ சீவலோ படுக்கையில் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே குதிரைக்கு ஆபத்து. அதன்மேல் நின்ற ஒரு நாளுக்குள் கால்கள் வீங்கும், குளம்பு சுடும், லாமினைடிஸ் எனப்படும் குளம்பு அழற்சி தொடங்கும், குதிரை அடியெடுத்து வைக்கத் தயங்கும். அந்த மரத்தில் இருக்கும் ஜுக்லோன் என்னும் பொருள்தான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். அதைத் தனியாகப் பிரித்துக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வரவில்லை. ஆக, எந்தப் பொருள் என்பது பிடிபடாவிட்டாலும் மரம் கெடுதல் என்பதில் சந்தேகம் இல்லை.

உங்கள் குதிரைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் இந்தப் பைகளில் அது இல்லாமல் இருக்கலாம். அடுத்து வாங்கும் பைக்கு யார் உத்தரவாதம்? இறைச்சி சுடும் அடுப்புக்கான பெல்லட்டும் இதே கதைதான். ஊசியிலை மரம் மட்டும், அதாவது பைன், ஸ்புரூஸ், ஃபர், விலங்குப் படுக்கைக்கானது என்று பையில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். இருமலுக்குக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுக்கையை மாற்றினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

நொய்யல்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கோவைப் பக்கம் ஆலைகளின் பாய்லருக்கு விற்கும் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது. அதை இரண்டு மட்டக்குதிரைகளுக்குப் போடலாமா?

கடிவாளம்

வேண்டாம். பாய்லர் பெல்லட்டில் மரத்தூளோடு கடலைத்தோல், பயிர்க்கழிவு, கையில் கிடைத்த எதுவும் சேரும். கடலைத்தோலில் பூஞ்சை நச்சு இருக்கலாம். குதிரை அதைத் தின்றும் பார்க்கும். உங்கள் ஊரில் நல்ல வைக்கோல் கிடைக்கும்போது இது எதற்கு?

கொள்ளுப்பை

கடிவாளம் சொன்னதைச் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

பெல்லட் என்பது காய்ந்த மரத்தூளை அழுத்தத்தால் இறுக்கியது. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, அதுவே பசையாகிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பைத் தண்ணீர்தான் விடுவிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் சீக்கிரம் விடுவிக்கும், பனித்தண்ணீர் வெகுநேரம் எடுக்கும். மேலே குழாய் பிடித்தால் மேலடுக்கு முதலில் உறிஞ்சி உப்பிக்கொள்ளும், அடியில் இருப்பது வறண்டே கிடக்கும். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கிச் சொதசொதக்கும். உங்கள் அறையில் நடந்தது இதுதான்.

அறையில் கொட்டி நனைக்காதீர்கள். பையைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை ஒரு மடல்போலக் கீறித் திறந்து, உள்ளேயே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். 18 கிலோ பைக்கு 5 முதல் 8 லிட்டர் வரை போதும், குறைவிலிருந்து தொடங்குங்கள். கால் மணி, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பை ஊதிப் பிதுங்கும், ஏனென்றால் பெல்லட் உடைந்தால் சுமார் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். இதைச் சேணம் வைக்கும் அறையிலோ, சூடு இருக்கும் வேறு இடத்திலோ செய்தால் உறையாது. கையில் எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது. பிறகு பரப்பினால் சுமார் இரண்டு அங்குலக் கனத்துக்கு நிற்கும். உங்கள் அறைக்கு 6 முதல் 8 பை என்பது சரியான அளவுதான்.

அடுத்தது அந்தக் கிளறல். நெடிக்குக் காரணம் அதுவே. மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. பெல்லட் படுக்கையின் பெரிய நன்மை, குதிரை பெய்த இடத்திலேயே தூள் ஈரத்தை உறிஞ்சி ஒரு கட்டியாக நிற்பதுதான். நீங்கள் அதை உடைத்து அறை முழுவதும் கலந்துவிடுகிறீர்கள். குளிருக்காகக் கதவு, சன்னல்களையும் அடைத்தால் நெடி எங்கே போகும்? மேற்பரப்பைத் தொடாமல், பல் நெருக்கமாக உள்ள கவைக்கோலால் லத்தியை மட்டும் சலித்து எடுங்கள். ஈரக் கட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் உள்ள காய்ந்த தூளை அந்தக் குழிக்குள் தள்ளுங்கள். இதற்கெல்லாம் குதிரை வெளியே இருக்க வேண்டும். தூசி அடங்கிய பிறகே உள்ளே விடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு பை சேர்த்தால் போதும், சில குதிரைகளுக்கு அதுவும் வேண்டியிராது. மேற்கூரைக்கு அருகே ஒரு திறப்பை எப்போதும் விட்டுவையுங்கள். குளிரைக் குதிரை தாங்கும், கெட்ட காற்றைத்தான் தாங்காது.

நாளாக ஆகத் தூள் மெலிந்து மாவாகும். தூசி தெரிந்தால் கைத்தெளிப்பானால் மெல்லத் தெளியுங்கள். கடுங்குளிரில் தெளித்தால் உறைந்துவிடும், அப்போது பழைய மாவை வாரிவிட்டுப் புதுப் பை போடுவது நல்லது.

கடிவாளம்

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு வேறு வழக்கம். குதிரை வழக்கமாக மூத்திரம் பெய்யும் இடத்தில் ஒரு பையை நனைக்காமலே அடியில் போட்டு, மேலே நனைத்து உடைத்ததைப் பரப்புவேன். அடியில் இருப்பதை மூத்திரமே உடைத்துக்கொள்ளும், உறிஞ்சும் திறனும் வீணாகாது.

கொள்ளுப்பை

கேள்விப்பட்டிருக்கிறேன், செய்பவர்களையும் தெரியும். ஆனால் இந்தக் குதிரை பெல்லட்டைப் பொறுக்கித் தின்கிறது என்று தம்பி சொன்னதைப் படித்தீர்களா? காலால் பறித்து எடுத்துவிடும். காய்ந்த பெல்லட் உணவுக்குழாயில் போய் உப்பினால் அடைப்பு வரும். தீவன உருண்டையும் இதே தடிமன்தான், அதற்கு எது தீவனம், எது படுக்கை என்று தெரியாது. தின்னாத குதிரைக்கு உங்கள் முறை சரி, இவளுக்கு வேண்டாம். பைகளையும் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

பனிக்காட்டான்

இருவருக்கும் நன்றி. பழையதை எல்லாம் வாரிவிட்டோம். தற்காலிகமாகச் சீவல் போட்டிருக்கிறோம். மருத்துவர் வந்து பார்த்தார். கால், குளம்பு எல்லாம் சரி. நுரையீரலில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார். ஆனால் படுக்கையைவிட உலர்புல்லின் தூசியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். வலைப்பையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். தலைக்கு மேலே தொங்கவிடாமல் தாழ்வாக வைக்கவும் சொன்னார்.

விலங்குப் படுக்கைக்கான பைன் பெல்லட் வந்துவிட்டது. பையிலேயே ஊறவைத்துப் போட்டேன். சீராக உடைந்திருக்கிறது, ஓரத்தில்கூட ஒன்றும் உருளவில்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். வசந்தத்தில் பக்கத்து அறைக் குதிரை குட்டி ஈனப்போகிறது, அதற்கும் இதையே போடலாமா? உரக்குழியில் இது சீக்கிரம் மட்குமா? கீழே உள்ள காய்கறித் தோட்டக்காரர் கேட்கிறார்.

கொள்ளுப்பை

குட்டி ஈனும் அறைக்கு வேண்டாம். ஈரத்தோடு பிறக்கும் குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் தூள் அப்பிக்கொள்ளும். அதற்குத் தூசி தட்டிய கோதுமை வைக்கோலைக் கனமாகப் போடுங்கள். குட்டி எழுந்து நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

கடிவாளம்

தூள் பொடியாக இருப்பதால் சீவலைவிடச் சீக்கிரம் மட்கும், குவியலும் சிறியதாக இருக்கும். ஆனால் மரத்தூளில் கரிமம் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. மட்காத நிலையில் பாத்தியில் போட்டால் மண்ணில் உள்ள நைட்ரஜனைக் கிருமிகள் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். குவியலை ஈரமாக வைத்து அவ்வப்போது புரட்டி, சூடு ஏறி அடங்கி, கறுத்து மண்வாசனை வந்த பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாரி வெளியே போட்டீர்களே, அந்தக் கலப்புக் கடினமரக் குவியலைத் தனியாக வையுங்கள், தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். கறுப்பு வால்நட் கலந்திருந்தால் தக்காளிக்கு ஆகாது. பிரிக்காத பைகள் மீதி இருந்தால், பெல்லட் அடுப்பு வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.