டி'குரூஸ்னு தேடினா 1064 எர்ரர், டிவிஷன் போட்டு தேடினாலும் 1064 – யாராச்சும் பாருங்களேன்

சிப்புட்_லைன்வீடு:

வணக்கம் எல்லாருக்கும், மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதறேன். எங்க பழைய தோட்டத்து மரண சகாய சங்கத்துக்கு ஒரு சின்ன தேடுற பேஜ் இருக்கு, பிஎச்பியில எழுதினது, விவரமெல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருக்கு. தோட்டத்தை துண்டு போட்டு வித்ததுக்கப்புறம் சனங்க ஈப்போ, கிள்ளான், ஜொகூர்னு சிதறிப் போயிட்டாங்க, ஆனா சந்தா மட்டும் விடாம கட்டிட்டு வராங்க. யாராச்சும் தவறிட்டா ராத்திரியே போன் வந்துரும், பேரைத் தட்டி சந்தா நிலுவை இருக்கா, வாரிசு யாருன்னு பாத்து காலையில காரியத்துக்கு முன்னாடி காசை வீட்ல கொண்டுபோய் கொடுக்கணும். அந்த நேரத்துல பேஜ் எர்ரர் அடிச்சா அந்த வீட்டு முன்னாடி நின்னு என்ன சொல்றது சொல்லுங்க.

எழுதிக் கொடுத்த தம்பி இப்ப சிங்கப்பூர்ல வேலை, அவரை அடிக்கடி தொந்தரவு பண்ண முடியல. முனியம்மா, ஆறுமுகம்னு தேடினா அழகா வருது. டி'குரூஸ், டி'சில்வா குடும்பத்தைத் தேடினா மட்டும் எர்ரர். போன வாரம் கமிட்டியில டிவிஷன் (தோட்டத்துப் பிரிவு) வாரியா தேடணும்னு கேட்டாங்க, அதுக்கு ஒரு கட்டம் சேத்தேன், அதை தொட்டாலே எர்ரர். ஐசி (அடையாள கார்டு) நம்பர் போட்டா எர்ரரே இல்ல, ஆனா ஆளும் வரல. எல்லா பேர்லயும் ஏ/எல், ஏ/பி (இன்னார் மகன், இன்னார் மகள்) இருக்கே, அந்த சாய்வு கோடுதான் பிரச்சனையோ? கோடு, மேல்குறி எல்லாத்தையும் பேர்லேர்ந்து எடுத்துட சொல்லி ஒரு கூட்டாளி சொல்றாரு, செய்யலாமா?

ஈப்போ_நைட்ஷிப்ட்:

எதையும் எடுக்காதீங்க, முதல்ல ரெண்டு விஷயம் போடுங்க பாஸ். ஒண்ணு, எர்ரர் மெசேஜ் முழுசா, 1064ன்னா எழுதின விதம் தப்புன்னு மட்டும்தான் அர்த்தம், அந்த நம்பர் மட்டும் பத்தாது. ரெண்டு, சர்வருக்குப் போற கடைசி குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற வரி. பிஎச்பி புரோகிராம் கோடு இல்ல, அதுல வேரியபிள் எல்லாம் நிரம்பினதுக்கப்புறம் வர்ற வரி, எக்ஸிகியூட்டுக்கு முன்னாடி ஒரு எக்கோ போட்டு ஸ்கிரீன்ல காட்ட வெச்சா தெரிஞ்சிரும். கோடை பாத்துட்டே இருந்தா எல்லாம் சரியாதான் தெரியும், ஏன்னா தப்பு கோடுல இல்ல, நிரம்பினதுக்கப்புறம் வர்ற வரியிலதான் இருக்கும்.

சிப்புட்_லைன்வீடு:

போன்ல தமிழ் கீபோர்டுலயே தட்றேன் அண்ணே, அதனால கோடும் தமிழ் எழுத்துலதான் வருது, அப்படியே படிச்சுக்குங்க. டேபிள் பேரு அஹ்லி (அங்கத்தினர்), காலம் (பத்தி) பேரெல்லாம் நாமா (மலாயில பேரு), ஐசி, டிவ் (டிவிஷன்), அப்படி.

செலக்ட் * ஃப்ரம் அஹ்லி வேர் நாமா லைக் '%டி'குரூஸ்%'
எர்ரர் 1064 ... நியர் 'குரூஸ்%'' அட் லைன் 1

செலக்ட் * ஃப்ரம் அஹ்லி வேர் நாமா லைக் '%ஆறுமுகம்%' அண்ட் டிவ் = '2'
எர்ரர் 1064 ... நியர் 'டிவ் = '2'' அட் லைன் 1

ஐசிக்கு இது (கடைசி நாலு நம்பர் சைபர் போட்டிருக்கேன்):
செலக்ட் * ஃப்ரம் அஹ்லி வேர் ஐசி = 850312-08-0000
எர்ரர் இல்ல, ஒரு வரியும் வரல.

கிராணி_பேத்தி:

தம்பி, அந்த 'நியர்'ங்கற வார்த்தையை நல்லா பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. சர்வர் இடது பக்கத்துலேர்ந்து படிச்சிட்டே வரும், எந்த இடத்துல அதுக்கு மேல புரியலையோ அங்கேர்ந்து மிச்சத்தை நியர்ல காட்டும். அதனால தப்பு நியர்ல காட்டற முதல் வார்த்தையில இருக்கும், இல்லன்னா அதுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கும். நியர்ல ஒண்ணுமே இல்லாம வெறும் '' வந்தா குவெரி கடைசி வரைக்கும் போயும் எதுவோ மூடாம இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் ஒரு பிராக்கெட். இன்னொண்ணு, முதல் தடுக்கல்லயே அது நின்னுரும், ஒண்ணை சரி பண்ணினதும் வேற எர்ரர் வந்தா பயப்பட வேணாம், அது முன்னாடியே இருந்ததுதான்.

இப்ப உங்க முதல் குவெரியை சர்வர் மாதிரி படிங்க. லைக்குக்கு அப்புறம் ஒரு குறி, சரி இங்க வார்த்தை ஆரம்பிக்குது. %டி வந்துச்சு, அடுத்து இன்னொரு குறி, சரி வார்த்தை முடிஞ்சுது. அதுக்கப்புறம் குரூஸ்னு ஒண்ணு நிக்குது, அது என்னன்னு அதுக்குத் தெரியல. அவ்வளவுதான், நியர் 'குரூஸ்'. ஏ/எல்ல இருக்கிற கோட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ரெண்டு குறிக்கு நடுவுல அந்த கோடு சும்மா ஒரு எழுத்துதான். ஆனா சாய்வை மாத்தி \ போட்டுட்டா மைஎஸ்க்யூஎல்ல அது அடுத்த எழுத்தோட அர்த்தத்தை மாத்திடும், பேரு கடைசியில \ இருந்தா மூடற குறியே செல்லாம போயிரும். டைப் பண்றவங்க ஏ\எல்னு அடிச்சிருக்காங்களான்னு மட்டும் ஒரு தடவை பாருங்க.

மேல்குறியை எடுத்துட சொன்னவர் பேச்சை கேக்காதீங்க, தயவு செஞ்சு. ஐசில டி'குரூஸ்னு இருந்தா உங்க லிஸ்ட்லயும் அப்படியேதான் இருக்கணும், நாளைக்கு வாரிசு மரண சர்ட்டிபிகேட் எடுத்துட்டு வரும்போது பேரு ஒத்துப் போகலைன்னா அலையறது அந்த குடும்பம். எங்க தாத்தா காலத்துல செக்ரோல்ல (ஆள் பேர் பதிவேடு) பேரை கிராணி (தோட்டத்து குமாஸ்தா) காதுக்கு கேட்ட மாதிரி எழுதி, அதே தப்பு பர்த் சர்ட்டிபிகேட் வரைக்கும் போயி, சனங்க எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு வீட்ல சொல்லி சொல்லி வளந்தவ நான். மாத்த வேண்டியது குவெரியை, பேரை இல்ல.

குறியை ரெண்டு தடவை போட்டா ('டி''குரூஸ்') வேலை நடக்கும், பிஎச்பிமைஅட்மின்ல (டேட்டாபேஸை நேரா பாக்கற பேஜ்) கையால ஒரு தடவை தேட அது போதும். பேஜுக்கு அது வேணாம், பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்டுக்கு மாத்திடுங்க. குவெரியில பேரு வர்ற இடத்துல வெறும் ஒரு ? வெச்சுட்டு பேரை தனியா அனுப்பறது. சர்வர் குவெரியை முதல்லயே படிச்சு முடிச்சிரும், அப்புறம் வர்ற பேர்ல எந்த குறி இருந்தாலும் அது பேராத்தான் போகும், கட்டளையா மாறாது. இது எர்ரருக்காக மட்டும் சொல்லல. டி'குரூஸ்னு அடிச்சா உடையற கட்டத்துல வேற ஒருத்தன் வேணும்னே குறி போட்டு உங்க அங்கத்தினர் ஐசி, வாரிசு விவரம் எல்லாத்தையும் இழுத்துட்டு போக முடியும். அந்த ஓட்டையை இன்னைக்கே அடைச்சிடுங்க.

ஐசி கதை இன்னும் மோசம், ஏன்னா எர்ரரே வராது. குறி போடாததால சர்வருக்கு அது கழித்தல் கணக்கு, 850312 கழி 8 கழி 0, விடை 850304. அந்த நம்பரை ஐசி காலத்தோட ஒப்பிட்டு பாக்குது, யாரும் இல்லங்குது. எர்ரர் வந்தா நீங்க உஷாராயிடுவீங்க, இதுல 'ஆள் மெம்பர் இல்ல'ன்னு நம்பி ஒரு குடும்பத்தை திருப்பி அனுப்பிடுவீங்க. ஐசின்னு சொன்னாலும் அது நம்பர் இல்ல, எழுத்துதான், எப்பவும் குறிக்குள்ள. காலமும் வார்சாரா (எழுத்து வகை) இருக்கணும், இன்ட்டா (எண் வகை) வெச்சா 2000லேர்ந்து 2009க்குள்ள பொறந்த பிள்ளைங்களுக்கு முன்னாடி வர்ற சைபர் காணாமப் போயிரும். தேதிக்கும் இதே கதைதான், 31/08/1957னு குறி இல்லாம போட்டா வகுத்துட்டு உக்காந்திருக்கும், '1957-08-31'னுதான் போடணும்.

செம்பனைக்காட்டான்:

அக்கா ரெண்டாவது எர்ரரை விட்டுட்டாங்க, நான் சொல்றேன். டிவ்ங்கறது மைஎஸ்க்யூஎல் தனக்குன்னு ஒதுக்கி வெச்ச ஒரு ரிசர்வ்டு வார்த்தை லா, முழு எண்ணா வகுக்கறதுக்கு. 7 டிவ் 2 போட்டா 3 வரும். எஸ்டேட் ஆளுங்க டிவிஷனை டிவ்னுதான் எழுதுவோம், நான் செஞ்சு கொடுத்த ஒரு குலை கணக்கு சிஸ்டத்துலயும் இதே இடத்துல மாட்டிச்சு. அப்ப டேபிள் எப்படி உண்டாச்சுன்னு கேப்பீங்க, பிஎச்பிமைஅட்மின் தானாவே பேரை சுத்தி ` குறி போட்டுரும், அதனால அங்க எல்லாம் ஓடும், கையால எழுதினா மட்டும் உடையும்.

`டிவ்` = '2'னு போடுங்க, அந்த குறி கீபோர்டுல எஸ்கேப்புக்கு கீழ, 1க்கு இடது பக்கம். சாதா ' போட்டுறாதீங்க, போட்டா 'டிவ்'ங்கற எழுத்தும் '2'ங்கற எழுத்தும் ஒண்ணான்னு பாக்கும், ஒரு நாளும் ஒண்ணாகாது, எர்ரரும் வராது. ஆனா என் யோசனை என்னன்னா காலம் பேரையே பஹாகியான்னு (மலாயில டிவிஷன்) மாத்திடுங்க. நாளைக்கு வேற ஒருத்தர் இந்த கோடை எடுத்தா ` போட மறந்துருவார்.

ஈப்போ_நைட்ஷிப்ட்:

பேரு மாத்தறதுக்கு முன்னாடி அந்த காலத்தை வேற எந்தெந்த பேஜ் தொடுதுன்னு பாத்துக்கணும் பாஸ், சந்தா ரசீது அடிக்கிற பேஜ் ஒண்ணு இருக்கும், மாத்தின அன்னைக்கு அது படுத்துரும். அஹ்லி.டிவ்னு டேபிள் பேரை முன்னாடி வெச்சு புள்ளி போட்டாலே போதும், புள்ளிக்கு அப்புறம் வர்றதை மைஎஸ்க்யூஎல் பேராத்தான் எடுத்துக்கும், ` கூட வேணாம்.

லேப்டாப்ல எக்ஸாம்ப் (சொந்தமா சோதிச்சுப் பாக்கற சர்வர் தொகுப்பு) வெச்சிருந்தா இன்னொண்ணு கவனிங்க. அதுல வர்றது மைஎஸ்க்யூஎல் மாதிரியே இருக்கிற மரியாடிபி, ஹோஸ்டிங்ல மைஎஸ்க்யூஎல் 8ஆ இருக்கலாம். எர்ரர் மெசேஜ்லயே எந்த மேனுவலை பாக்கணும்னு மரியாடிபி இல்லன்னா மைஎஸ்க்யூஎல்னு எழுதியிருக்கும், அதை வெச்சு கண்டுபுடிங்க. 8ல ரேங்க், குரூப்ஸ் ரெண்டும் ரிசர்வ்டு ஆயிடுச்சு, 5.7ல இல்ல. 5.7க்கு 2023 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, ஹோஸ்டிங்காரங்க ஏத்தி விட்டதுக்கப்புறம் நேத்து வரைக்கும் ஓடின குவெரி இன்னைக்கு 1064 அடிச்சா முதல்ல இதை பாக்கணும். கமிட்டி லிஸ்ட்ல பதவி வரிசைக்கு ரேங்க்னு காலம் வெச்சிருக்கீங்களா?

செம்பனைக்காட்டான்:

புள்ளி விஷயம் சரிதான், ஆனா எல்லா குவெரியிலயும் டேபிள் பேரை மறக்காம எழுதணுமே. பேக்கப் எடுத்துட்டு ஒரே ராத்திரியில பேரை மாத்தி எல்லா பேஜையும் திருத்திடறது நல்லதுங்கறதுதான் என் எண்ணம்.

பீடோர்_கீபோர்ட்:

ஒரு சின்ன விஷயம் மட்டும். இங்கேர்ந்து கோடை வாட்ஸ்அப்புல கூட்டாளிக்கு அனுப்பி அங்கேர்ந்து காப்பி பண்ணாதீங்க, வோர்டு ஃபைல்லேர்ந்தும் வேணாம். நேரா நிக்கிற ' குறி வளைஞ்ச ‘ ’ ஆயிரும். மைஎஸ்க்யூஎல் அந்த வளைஞ்ச குறியை குறியாவே பாக்காது, பேர்ல ஒரு எழுத்தா எடுத்துக்கும், அதனால சிலசமயம் 1064க்கு பதிலா 1054, அப்படி ஒரு காலமே இல்லன்னு சொல்லும். காலம் கண்ணு முன்னாடி இருக்கும், இருந்தும் இல்லங்கும். வாட்ஸ்அப்ல ` குறியும் முழுங்கிரும், இப்ப அது கோடு காட்டற அடையாளம் ஆயிடுச்சு. நோட்பேடுல போட்டு எல்லா குறியையும் கையால ஒரு தடவை அடிச்சா நிம்மதி.

சிப்புட்_லைன்வீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐசி ஓடுது, குறி போட்டதும் வந்துருச்சு. டிவ்க்கு இப்போதைக்கு புள்ளி போட்டுட்டேன், ஈப்போ அண்ணன் சொன்ன மாதிரியே ரசீது பேஜும் அந்த காலத்தை தொடுது, திருவிழா முடிஞ்சதும் பேரை மாத்தறோம். ரேங்க் காலம் இல்ல. பேரு யாருதையும் தொடல அக்கா.

பிரிப்பேர்டுக்கு பிடிஓல (பிஎச்பி டேட்டாபேஸோட பேசற ஒரு வழி) மாத்தினேன், இப்ப வேற எர்ரர், எச்ஒய்093, பாராமீட்டர் நம்பர் தப்புங்குது. குவெரி இது:

செலக்ட் * ஃப்ரம் அஹ்லி வேர் நாமா லைக் '%?%'

கிராணி_பேத்தி:

? குறிக்குள்ள மாட்டிக்கிச்சு தம்பி. குறிக்குள்ள இருந்தா அது வெறும் கேள்விக்குறி எழுத்து, நிரப்பற இடம் இல்ல. குவெரியில இடமே இல்ல, நீங்க ஒரு பேரை அனுப்பறீங்க, அதான் கணக்கு ஒத்துவரல. லைக் ? னு மட்டும் விடுங்க, குறியும் வேணாம். % ரெண்டையும் பேரோட சேத்து அனுப்புங்க, எக்ஸிகியூட்ல '%' . $நாமா . '%' அப்படி.

டிவிஷன் ரெண்டு மூணு டிக் பண்ணி தேடற மாதிரி செஞ்சா அங்கயும் ஒண்ணு காத்திருக்கு. இன் (?)னு ஒரே ? போட்டா ஒரு டிவிஷனுக்குதான் ஆகும், எத்தனை டிக் பண்ணாங்களோ அத்தனை ? கமா போட்டு வெக்கணும். ஒண்ணுமே டிக் பண்ணலைன்னா இன் () ஆயிரும், அதுவும் 1064தான், அப்ப அந்த வரியையே குவெரியில சேக்காம விட்டுருங்க. சேக்காம விடும்போது வேருக்கு அடுத்ததா நேரா அண்ட் வந்து நிக்காம பாத்துக்குங்க, கண்டிஷன் எல்லாத்தையும் ஒரு அர்ரேல போட்டு கடைசியா அண்ட் வெச்சு இம்ப்லோட் பண்ணிட்டா (ஒண்ணா கோத்துட்டா) அந்த தலைவலி இல்ல.

சிப்புட்_லைன்வீடு:

டி'குரூஸ் வந்துருச்சு அக்கா!! மூணு குடும்பம், சந்தா எல்லாம் சரியா இருக்கு. இன் விஷயத்தை இன்னைக்கு ராத்திரி செஞ்சுட்டு எக்கோ பண்ணின குவெரியோட இங்கயே போடறேன்.

ஈப்போ_நைட்ஷிப்ட்:

போடுங்க பாஸ். வேலை முடிஞ்சதும் அந்த எக்கோவை எடுத்துருங்க, எர்ரர் மெசேஜும் ஸ்கிரீன்ல வராம லாக் ஃபைலுக்கு போற மாதிரி மாத்திடுங்க, டேபிள் பேரு காலம் பேரு எல்லாம் வெளியாள் பாக்க வேணாம்.