கொசுப்புழு மருந்து இப்போது கேட்பதில்லை, ஏன்?

கால்வாய்க்கரை, வியாசர்பாடி:
எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் கேப்டன் காட்டன் கால்வாய். பக்கத்துச் சாக்கடையில் தெருக்காரர்கள் காசு போட்டு வாங்கிய பாக்டீரியா மருந்தை இரண்டு வருஷமாக ஊற்றுகிறோம். முன்பெல்லாம் மறுநாளோ அதற்கு மறுநாளோ புழுக்கள் செத்து மிதக்கும். தை பிறந்ததிலிருந்து கரண்டியில் மொண்டு பார்த்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிகின்றன. மருந்துக்குத் தப்பிய கொசுவின் குஞ்சுகளுக்கும் அந்தத் தெம்பு வந்துவிடுமா? பேத்தி உடம்பெல்லாம் தடிப்பு, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மருந்துக்காரன், தண்டையார்பேட்டை:
அக்கா, கமா மாதிரி சுருண்டு துள்ளுகிறதே, அது கூட்டுப்புழு. எதையும் தின்னாது, அதனால் இந்த மருந்து அதற்கு ஏறாது. பொடிப் புழுக்களைப் பாருங்கள். டப்பா வெயிலில் கிடந்ததா என்றும் பாருங்கள்.

உயிரியல் டீச்சர், பெரம்பூர்:
வரும் அம்மா. ஆனால் பெரும்பாலும் அப்பா, அம்மா இரண்டு பக்கமும் அந்த மாறிய மரபணு வந்தால்தான் புழு தப்பும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் செத்துப்போகும். டப்பாவில் ஸ்பேரிகஸ் என்ற பாக்டீரியாவின் பெயர் இருந்தால் அதன் நஞ்சு புழுக் குடலில் ஒரே ஓர் இடத்தில்தான் ஒட்டும். அந்த இடம் மாறிவிட்டால் நஞ்சுக்குப் பிடிப்பில்லை. தப்பியவை தங்களுக்குள்ளேயே கூடினால் குஞ்சுகள் அத்தனையும் தப்பும். நம் வெயிலில் முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும், இரண்டு வருஷம் எவ்வளவு பெரிய காலம் என்று பாருங்கள். கொச்சியில் இதே சாக்கடைக் கொசுவுக்கு இரண்டு வருஷத்தில் 35 முறை அடித்த பிறகு எதிர்ப்பு வந்ததை 1995-ல் வெளியிட்டார்கள். மருந்து படாத குட்டையிலிருந்து வரும் கொசுவோடு கூடினால் குஞ்சுக்கு மாறாத மரபணு ஒன்று கிடைக்கும், அது மருந்தில் சாகும். இஸ்ரேலென்சிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மருந்தில் பல நஞ்சுகள் சேர்ந்திருப்பதால் அதற்கு எதிர்ப்பு வருவது மிக அரிது. ஸ்பேரிகஸுக்குத் தப்பியதும் அதில் சாகும். என்ன, சாக்கடையில் அதன் வேகம் சீக்கிரம் குறையும், அடிக்கடி ஊற்றவேண்டும்.

கால்வாய்க்கரை:
ஸ்பேரிகஸ்தான் டீச்சர். டப்பா நிழலில்தான் இருந்தது. பொடிப் புழுக்களும் நீந்துகின்றன. இரண்டு வாளியில் அதே சாக்கடைத் தண்ணீரை வைத்து, ஒன்றில் பழைய மருந்து, இன்னொன்றில் நீங்கள் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.