புதுப்பிப்பு: 'நன்றி' பட்டியலில் இருந்து ஒருவழியாக வெளியே வந்துவிட்டேன்

போன மாதம் புலம்பியிருந்தேனே, எண்ணூர் கழிமுகத்து மீனவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு முழுக்கக் குரல் கொடுத்தும் என் பெயரை 'நன்றி' பட்டியலில், டீக்கடை அண்ணனுக்கும் வேன் ஓட்டியவருக்கும் நடுவில் போட்டுவிட்டார்கள் என்று. (அந்த டீ இல்லாமல் குரலே வந்திருக்காது, அது வேறு விஷயம்.)

சரி, இயக்குநரிடம் நேரில் பேசினேன். "உன் முகமே வரலையேப்பா" என்றார். கொருக்குப்பேட்டையில் மாடி அறைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஒவ்வொரு சரக்கு ரயிலுக்கும் நிறுத்தி, ஒரே பத்தியைப் பதினோரு தடவை படித்தபோது அவரும் கூடத்தான் உட்கார்ந்திருந்தார்!

'வைல்ட் கர்நாடகா' என்ற காட்டுயிர் ஆவணப்படத்தைச் சொன்னேன். ஆங்கிலத்தில் டேவிட் அட்டன்பரோ, இந்தியில் ராஜ்குமார் ராவ், தமிழிலும் தெலுங்கிலும் பிரகாஷ்ராஜ். 67வது தேசிய விருதுகளில் சிறந்த விவரணைக்கான விருது அட்டன்பரோவுக்குத்தான் போனது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளிலும் 2014 முதல் விவரிப்பாளருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பிறகுதான் இறங்கி வந்தார்.

முதலில் 'டப்பிங்' என்று போட்டார். டப்பிங் என்றால் இன்னொருவர் வாயசைப்புக்குப் பேசுவது, இங்கே யார் வாயும் அசையவில்லை. அப்புறம் 'விவரணை' என்று திரையில் தனிப் பெயர் அட்டையாக மாற்றினார், ஒளிப்பதிவாளர் பெயருக்கு அடுத்து. ஆனால் திரைப்பட விழாக்களுக்கு ஏற்கெனவே அனுப்பிய பிரதியில் பழையபடியே இருக்கிறது.

நான் படித்த உரையை எழுதிய அக்கா இன்னும் 'நன்றி'யில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.