ஸ்பாம் அனுப்புதுன்னு மெயில் பிளாக்லிஸ்ட்ல ஐபி (நெட் முகவரி) மாட்டி வெளிய எடுத்த கதை இருந்தா சொல்லுங்க அண்ணாச்சிமாரே

பாளை வயர்மேன்:
மொதல்ல என் கதைய சொல்லிருதேன். பாளையங்கோட்டையில ஒரு ஏற்றுமதி ஆபீஸ்ல கம்ப்யூட்டர், நெட்டு எல்லாம் நாந்தான் பாக்கேன், சரக்கு தூத்துக்குடியில ஏறும், பேப்பர் பூரா மெயில்லதான். திங்கக்கெழம காலைல முதலாளி வந்து நிக்காரு, "ஏலே பிஎல் (சரக்கு ஏத்துன சீட்டு) டிராஃப்ட் இன்னும் போவலையாம்லா, ஏஜெண்டு போன்ல கத்துதான்"னு. திரும்பி வந்த பவுன்ஸ் மெயில தொறந்தா 550 5.7.1, அதாவது வாங்க மாட்டேன்னு, நம்ம ஐபி, பக்கத்துல ஸ்பாம்ஹாஸ்னு பேரு, பிளாக்லிஸ்ட் நடத்துதவங்க.

அவங்க சைட்டுல ஐபிய போட்டுப் பாத்தா எக்ஸ்பிஎல்ங்கற லிஸ்ட்ல கெடக்கு. எடுக்கச் சொல்லி பட்டன அமுக்குனேன், காசுகீசு ஒண்ணும் கேக்கல, எடுத்துட்டாவ. முடிஞ்சிட்டு முதலாளின்னுட்டு டீ குடிக்கப் போனா மத்தியானமே திரும்ப ஏறிட்டு. மறுபடி அமுக்குனேன். மறுநாள் மறுபடி ஏறிட்டு. அதுக்குப் பொறவுதான் அங்கன எழுதிப் போட்டிருந்தத முழுசா வாசிச்சேன் (வாசிச்சுட்டு அமுக்கிருந்தா ஒரு நாள் மிச்சம்), எக்ஸ்பிஎல்னா வைரஸ் ஏறுன மிஷின் இருக்க ஐபியாம். மெயில் சர்வர்ல ஒரு குத்தமும் இல்ல, ஆபீஸ்ல 14 மிஷினும் ஒரே பப்ளிக் ஐபில வெளிய போவுது, உள்ள எதோ ஒண்ணு செய்யுத வேலைக்கு எல்லாருக்கும் சேத்து அடி.

எந்த மிஷின்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஆன்டிவைரஸ் ஓட்டுனா எல்லாமே சுத்தம்ங்கு. கடைசில ரூட்டர்ல வெளிய போற 25ஆம் போர்ட்ட (சர்வருக்கு சர்வர் மெயில் போற வழி) நம்ம மெயில் சர்வருக்கு மட்டும் விட்டுட்டு மிச்சத்த அடச்சு லாக் போட்டு ஒக்காந்தேன், பத்து நிமிசம் ஆவல, ஒரே மிஷின்லேர்ந்து உலகத்துல உள்ள மெயில் சர்வர் எல்லாத்தையும் தட்டிக்கிட்டு கெடக்கு. கணக்குப்பிள்ளை மிஷின்! "நான் ஒண்ணுமே தொடலையே தம்பி"ங்காரு, உள்ள பாத்தா கிராக் போட்ட சாஃப்ட்வேர் மட்டும் மூணு இருக்கு. பார்மேட் அடிச்சு, ஒரு ராத்திரி லாக்க பாத்துட்டு, அப்புறம் அமுக்குனேன். இன்னைக்கு வரைக்கும் ஏறல.

அம்பை தம்பி:
எனக்கு அதே ஸ்பாம்ஹாஸோட பிபிஎல் லிஸ்ட் அண்ணாச்சி. வீட்டுல பழைய லேப்டாப்ல போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வர் போட்டு விளையாண்டேன், ஒரு மெயில் போவல. வைரஸ்னு பயந்து ரெண்டு நாள் தூக்கமில்ல. பாத்தா அது திருட்டுப்பட்டம் இல்ல, வீட்டு கனெக்ஷன் ஐபியெல்லாம் நேரா 25ல மெயில் அனுப்பப்புடாதுங்கற கணக்கு, நெட் கம்பெனிக்காரனே அந்த ரேஞ்ச குடுத்து வைப்பானாம். 587ஆம் போர்ட்ல லாகின் போட்டு வேற மெயில் சர்வர் (ரிலே) வழியா விட்டேன், போயிட்டு.

தென்காசி சாரல்:
என் கத தலகீழ். எங்க மெயில் போவுது, வாரதுதான் ஒண்ணுகூட வரல. கஸ்டமர் எல்லாரும் "ஒங்க சர்வர் எங்கள ஸ்பாம்ங்குது"ன்னு ஏசுதாவ. நாங்க வார மெயில ஸ்பாம்ஹாஸோட ஐபி லிஸ்ட் எல்லாம் சேந்த ஜென் லிஸ்ட்ல செக் பண்ணுத மாதிரி வச்சிருக்கோம், அந்த செக்கு டிஎன்எஸ் (பேருக்கு முகவரி தேடித் தருதது) வழியாத்தான் போவும், எவனோ அத 8.8.8.8க்கு, அதான் கூகுளோட பப்ளிக் ரிசால்வருக்கு, மாத்திருக்கான். பப்ளிக் ரிசால்வர் வழியா கேட்டா ஸ்பாம்ஹாஸ்காரவ 127.255.255.254ன்னு பதில் குடுக்காவ, அதுக்கு அர்த்தம் "இப்படி கேக்காதே". எங்க சர்வர் எந்தப் பதில் வந்தாலும் லிஸ்ட்ல இருக்குன்னு எடுத்துக்கிட்டு ஊர்ல உள்ளவன் பூராத்தையும் வெரட்டி விட்டுருக்கு. அன்பவுண்டுங்கற ரிசால்வர் போட்டு நாமளே ரிசால்வ் பண்ண ஆரம்பிச்சதும் சரியாயிட்டு. அந்தாக்ல பழைய கான்ஃபிக்ல சார்ப்ஸ்ங்கற பிளாக்லிஸ்ட் இருந்தா தூக்கிருங்கவே, 2024 ஜூன்லயே மூடிட்டாவ.

மேலப்பாளையம் பாய்:
விபிஎஸ் (வாடகை சர்வர்) வாங்குறவங்க ஐபிய கைல வாங்குன ஒடனே பாத்துருங்க. எனக்கு வந்தது முன்னால குடியிருந்தவன் நாறடிச்சுட்டுப் போன ஐபி, மூணு லிஸ்ட்ல இருந்துச்சு. அதுல ஸ்பாம்காப் புது புகார் வரலன்னா 24 மணி நேரத்துல தானா விட்டுரும். இன்னொண்ணு சீக்கிரம் எடுக்கணும்னா காசு வைங்கான், நான் குடுக்கல, ஒரு வாரத்துல தன்னால போயிட்டு. பிடிஆர் ரெக்கார்ட (ஐபிய கேட்டா சர்வர் பேரு சொல்லுதது) கம்பெனிக்காரன்ட்ட சொல்லி மாத்துனதுக்கு பொறவுதான் ஜிமெயில் ஒழுங்கா எடுத்துச்சு.

பாளை வயர்மேன்:
பாய், அந்த பிடிஆர் நமக்கும் இல்லவே, இப்பதான் பாத்தேன். நாளைக்கு நெட்டுக்காரன்ட்ட கேக்கணும். கணக்குப்பிள்ளை இன்னும் எங்கூட பேசல, பார்மேட்ல அவரு பேத்தி போட்டோ எல்லாம் போயிட்டாம்.